கீழிருந்து படிப்பவள்

என் மனைவி எந்தக் காகிதத்தையும் கீழேயிருந்துதான் படிப்பாள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மணமக்கள் யார் என்று பார்க்கமாட்டாள். கடைசி வரியில் எந்த அச்சகம் என்று பார்த்துவிட்டு, நல்வரவை விரும்பும் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஆராய்ந்துவிட்டு, அப்புறம்தான் மெல்ல மேலே ஏறி மாப்பிள்ளை பெண்ணிடம் வருவாள். அதற்குள் நான் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடலாம்.

ஏன் இப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

“மேல இருக்கறதெல்லாம் நம்மகிட்ட சொல்லணும்னு அவங்க நெனைக்கறதுங்க. ஆபீசு லெட்டர்ல கீழ ‘நகல்’னு போட்டு நாலு வரி இருக்கும் பாருங்க, அது அவங்களுக்குள்ள பேசிக்கிறது. அங்கதான் விஷயம் இருக்கும்” என்றாள்.

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், நான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. புரியவில்லை. நல்ல கையெழுத்து உள்ள பெண், கொஞ்சம் கேள்வி கேட்பாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எனக்கு. என் அப்பாவுக்கு நிலம் இருந்தது, சுரங்கத்துக்குப் போனது, வீட்டுக்கு ஒரு வேலை வந்தது. அந்த வேலையின் நிழலில் படித்து நானும் ஒரு நாற்காலியைப் பிடித்து, இத்தனை வருஷமாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்துகிறேன். அவளுக்கு வடலூருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு வரப்பில் அண்டை வெட்டியவர். அவரிடமிருந்து போக எதுவும் இல்லை, அதனால் வர எதுவும் இல்லை. இதை அவள் ஒருமுறைகூட வருத்தமாகச் சொன்னதில்லை. தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள். எங்கள் கல்யாணத்துக்கு என் பக்கத்து உறவில் வந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஏன் வரவில்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதையும் கீழிருந்து படித்திருப்பாள்.

வடலூர் போகும் ரோட்டில் அவளுக்கு ஒற்றை அறைக் கடை ஒன்று இருக்கிறது. ‘ஜெராக்ஸ், டைப்பிங்’ என்றுதான் பலகை சொல்கிறது. உள்ளே நடப்பது வேறு. சாதிச் சான்றிதழ் கிடைக்காதவர்கள், சுடுகாட்டுக்குப் பாதை இல்லாதவர்கள், போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக எழுப்பிவிடப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் அந்த இரண்டு ஸ்டூலுக்கும் போட்டி போடும். மனு எழுதித் தருவதோடு விடமாட்டாள். கூடவே போவாள், நிற்பாள், சீல் வாங்காமல் வரமாட்டாள். பேப்பரில் செய்தி வரும்போது ‘மனித உரிமைச் செயற்பாட்டாளர்’ என்று போடுவார்கள். அதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பாள். “இத சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆபீசு சாத்திடுவான்” என்பாள்.

இப்படிப்பட்டவர்கள் என்றால் குரல் கட்டியிருக்கும், கண் சிவந்திருக்கும், தோளில் ஜோல்னாப் பை தொங்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். இவள் கத்தவே மாட்டாள். எங்கள் வீட்டில் கோபம் வருவது எனக்கு மட்டும்தான். அதுவும் பையில் மறந்துவிட்ட பேனாவின் மை துவைத்த சட்டையில் தெரிந்தால் வரும். அவளுக்கு வருவது சந்தேகம். அதை மிகவும் மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைதான் தாங்க முடியாதது.

ஒருநாள் ஓர் அலுவலகத்தில் எனக்கு ஐந்து நிமிஷ வேலை. லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். எதிரே நான்கு நாற்காலி காலி. இவள் காவலாளியிடம் போனாள்.

“அண்ணே, அந்த நாற்காலியெல்லாம் யாருக்குங்க?”

“மனு குடுக்க வர்றவங்களுக்கும்மா.”

“இவரு கையில இருக்கறது என்னா பேப்பருங்க?”

காவலாளி பார்த்தார். பெரியவரும் தன் கையிலிருந்த காகிதத்தையே புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு காவலாளி தானே போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதோடு வந்திருந்தால் தேவலை. பெரியவருக்குக் கூச்சம், உட்காரமாட்டேன் என்கிறார். அவர் உட்காரும்வரை இவள் நகரவில்லை. அன்றைக்கு என் ஷிப்ட் பஸ் போயிற்று. அவளோடு கடைத்தெருவுக்குப் போனால் திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாது என்பது அதற்கப்புறம் எங்கள் குடும்பச் சட்டமானது.

இன்னொரு குணம், பகை வைத்துக்கொள்ளத் தெரியாது. ஓர் அதிகாரி மேல் ஆறு மனு போட்டிருந்தாள். அவர் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார். போனாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். பெண்ணைக் கட்டிப்பிடித்து ஆசீர்வாதம் செய்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “ஏழாவது மனுவ நாளைக்கே குடுத்துடணுங்க, மனுசன் நல்ல மூடுல இருக்காரு” என்றாள்.

கைநாட்டு வைக்க வருபவர்களின் கட்டைவிரலை அவளே பிடித்து மையில் அழுத்தி எடுப்பாள். வைத்து முடித்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் அந்த விரலை அவளே துடைத்துவிடுவாள். மையோடு வெளியே போனால் நாலு பேர் பார்ப்பார்கள், எங்கே வைத்தாய் என்று கேட்பார்கள் என்பது காரணம். ஒருத்தர் பெயர் வெளியே தெரிவது அவருக்கு என்ன செய்யும் என்று அவள் அவ்வளவு யோசிப்பவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மனு எழுதியதற்குக் கைமாறாகப் பலாப்பழம் வரும். காடாம்புலியூர்ப் பக்கத்து ஆட்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். வைகாசி, ஆனி இரண்டு மாதமும் எங்கள் வீடு பலா வாசனையில் மிதக்கும். பழத்தை அறுப்பது என் இலாகா. ஈக்கள் தவிர, பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் கதவுமேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் நான் செயலாளர் ஆனேன்.

எங்கள் பிளாக்குக்குப் பக்கத்தில் ஒரு மன்றம் உண்டு. கேரம், பேட்மிண்டன், பேப்பர் படிக்க ஒரு அறை, கூடவே ஒரு கல்யாண மண்டபம். கௌரவச் செயலாளர் பதவிக்கு ஆள் தேடினார்கள். ‘நம்ம சாருக்குக் கோப்பு பாக்கத் தெரியும்’ என்று யாரோ சொல்ல, எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சம்பளம் கிடையாது. ஆனால் ஒரு மேசை, ஒரு சாவிக்கொத்து, என் பதவியைப் பொறித்த ஒரு ரப்பர் முத்திரை. அந்த முத்திரையை முதல்நாள் வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய காலண்டர் தாளில் ஏழெட்டு தடவை வைத்துப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “மன்றத்து விஷயத்த வூட்ல பேச வேணாங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்றாள். நானும் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. ஒருநாள் சாயந்திரம் மன்றத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கேரம் அறையில் காய் தட்டும் சத்தம். வாசலில் அவள். கையில் கடைப் பை. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவள் ஊற்றிக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

“வணக்கங்கய்யா. ஒரு மனு குடுக்கணும்.”

நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். “இத வீட்லயே குடுத்திருக்கலாமே?”

“வூட்ல நீங்க செயலாளர் இல்லீங்களே.”

கேரம் சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பிரதிகளை மேசையில் வைத்தாள். தேதி போடச் சொன்னாள், போட்டேன். சீல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். “நேரா வைங்கய்யா, பாதி எழுத்து விழல” என்றாள். மறுபடியும் வைத்தேன். ஒரு பிரதியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். திரும்பும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, “வரும்போது பால் பாக்கெட் வாங்கிகினு வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனுவில் இருந்தது இதுதான். மண்டபத்தைச் சுத்தம் செய்ய காண்ட்ராக்டர் மூலம் பதினோரு பெண்கள் வருகிறார்கள். கல்யாணக் கூட்டம் கிளம்பியதும் கழிப்பறைகளை முதலில் கழுவச் சொல்வார்கள். கழுவி முடித்ததும் வாட்ச்மேன் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். அதன்பிறகு அந்தப் பெண்கள் பாதி நாள் மண்டபத்தைப் பெருக்கி, துடைத்து, பாத்திர இடத்தைக் கழுவ வேண்டும். அவசரம் என்றால் ரோட்டைத் தாண்டித் தைல மரங்களுக்குப் பின்னால் போக வேண்டும். ‘கழுவுவது நாங்கள், பூட்டுவது எங்களுக்காக’ என்று ஒரு வரி இருந்தது. அது அவள் வரி இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னதை அப்படியே போட்டிருந்தாள்.

ஏன் பூட்டுகிறார்கள்? ‘அவங்க போன எடத்துக்கு நம்ம வூட்டுப் பொம்பளைங்க எப்படிப் போவாங்க’ என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று எவருக்கும் நினைவில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி உண்டு, அது என் சாவிக்கொத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டிப் போகும் அந்தப் பெண்களை நான் என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

மனுவின் கீழே பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்று கைநாட்டு. முதல் கையெழுத்து, தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு கட்டியிருக்கும் ஒரு பெண்ணுடையது. கோணல் எழுத்து, ஆனால் அழுத்தம். யார் முதலில் போடுவது என்று எல்லோரும் தயங்கியபோது, “குடுங்க்கா, நான் போடறன்” என்று பேனாவை வாங்கியவள் அவள்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மனு வந்தால் என்ன செய்வது என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். எந்த ஆபீசிலும் இதுதான் வழக்கம். புகார் யார் மேல் வந்ததோ, அவருக்கே ஒரு நகல் போகும். ‘குறிப்புரைக்காக’ என்று மேலே எழுத வேண்டும். அவர் ஏதாவது எழுதி அனுப்புவார். அதை வைத்து மனுதாரருக்குப் பதில். கோப்பு முடிந்தது. கை தானாகச் செய்யும் வேலை இது. மறுநாளே மனுவை ஜெராக்ஸ் எடுத்தேன். காண்ட்ராக்டருக்கு அனுப்பினேன். பதினோரு கையெழுத்தோடும்தான். இணைப்பு இல்லாமல் கடிதம் அனுப்புவது அரைகுறை வேலை என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மனுதாரருக்கும் ஒரு பதில் டைப் செய்தேன். மனு பரிசீலனையில் உள்ளது, மனுதாரரின் அக்கறையை மன்றம் பாராட்டுகிறது என்று இரண்டு நல்ல வார்த்தை. அதை அவள் கடைக்கே தபாலில் அனுப்பினேன், முறை முறைதான். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் நின்று, ‘அன்புடையீர்’ என்பதிலிருந்து சத்தமாகப் படித்தாள். பாராட்டு வந்ததும் சிரித்தாள். “நல்லா எழுதிருக்கீங்க” என்று சொல்லிக் கோப்பில் வைத்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த வடை இருந்தது. என் செயலாளர் வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் பேப்பரை விரித்து நான் பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் முழங்கைவரை எண்ணெய், அதையும் மீறிப் பிசின். சிவப்புத் துண்டுக்காரப் பெண் வந்தாள். துண்டு தலையில் இல்லை, தோளில் இருந்தது. என் மனைவி அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் நாலு சுளையைத் தட்டில் வைத்து நகர்த்தினேன். ஒன்றைக் கையில் எடுத்தவள் தின்னாமல் வைத்துக்கொண்டே பேசினாள்.

“நாளைக்கு முகூர்த்தம், நீ வர வேணான்னாருக்கா காண்ட்ராக்டரு. சரி, அடுத்த முகூர்த்தம்னு பாத்தன். அதுக்கும் கூப்புடல. மத்த பத்து பேரும் போறாங்க, என்னிய மட்டும் வுட்டுட்டாரு. போன் போட்டா எடுக்கல. நேர்லியே போனன். கையில ஒரு பேப்பரு வச்சிகினு இருந்தாரு. ‘மொதப் பேரு உன்னுதுதான’ன்னு கேக்கறாரு. எங் கையெழுத்த எனக்கே காட்டுறாருக்கா.”

என் கத்தி பழத்தில் பாதியில் நின்றது.

“முந்திரிக்கொட்ட வேலயும் முடிஞ்சி போச்சி. பொண்ணு காலேஜு கடசி வருசம். இந்த மண்டபத்து வேலய நம்பித்தான் அடுப்பு எரியுது. நான் ஒண்ணும் தப்பா எழுதிலியேக்கா?”

“நீ ஒண்ணும் தப்புப் பண்ணல” என்றாள் என் மனைவி. பிறகு தனக்குத்தானே கேட்பதுபோல, “எங்கிட்ட ஒரு காப்பி. மன்றத்துல ஒரு காப்பி. மூணாவது எங்கேர்ந்து வந்துச்சி?” என்றாள்.

எழுந்துபோய்க் கோப்பை எடுத்துவந்தாள். நான் அனுப்பிய பதில் கடிதத்தை உருவினாள். இந்த முறை கீழேயிருந்து படித்தாள். படிக்க அதிகம் இல்லை. ‘நகல்: ஒப்பந்ததாரர், குறிப்புரைக்காக, மனு இணைப்புடன்.’ அங்கேயே நின்றுவிட்டாள். நான் எதிர்பார்த்தது ஒரு பார்வையை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“உங்க லெட்டருன்னு அன்னிக்கு மேல இருந்து படிச்சிட்டன்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, வழக்கம் அது இது என்று நியாயம் பேசியிருப்பேன். எழுந்து போகலாம் என்றால் கையெல்லாம் பிசின், எதையும் தொட முடியவில்லை. ஓடி ஒளியக்கூட லாயக்கில்லாமல் பலாப்பழத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

“நான்தாம்மா அனுப்புனேன்” என்றேன் அந்தப் பெண்ணிடம். “அனுப்பறது வழக்கம். யோசிக்கல.”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் சங்கடம் அவளுக்குத்தான் வந்தது. “நீங்க தெரிஞ்சா செஞ்சிருக்கப் போறீங்க, வுடுங்க சார்” என்றாள்.

“தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதான்” என்றாள் என் மனைவி. “நானுந்தான். மொதக் கையெழுத்த வாங்கனவ நானு. கடசி வரியப் படிக்காம வுட்டவளும் நானு.”

அந்தப் பெண் போன பிறகு என் மனைவி மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என் மேல் கோபப்பட்டதில்லை என்பதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது, எல்லா ஆண்களுக்கும் தோன்றுவதுதான். ஒரு போன் போட்டு அமுக்கமாக முடித்துவிடலாம். கை கழுவிவிட்டுக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன்.

“சார், நீங்க சொல்லி நான் மீறுவேனா? ஆளு கொறைக்கிறோம் சார், வேற ஒண்ணுமில்ல. பேப்பர நீங்கதான சார் அனுப்புனீங்க? யாரு என்னா பேசறாங்கன்னு நாங்களும் தெரிஞ்சிக்க வேணாமா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்னையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டான். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“வாயால பேசனது காத்துல போயிடும்” என்றாள் அவள், சமையலறையிலிருந்து. “எழுத்துல குடுங்க.”

எழுதினேன். முதல் வரைவில், வழக்கமான நடைமுறையின்படி நகல் அனுப்பப்பட்டதாகத் தெரியவருகிறது என்று போட்டிருந்தேன். அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். “யாரு அனுப்புனது? பேயி வந்து அனுப்புச்சா?” இரண்டாவதில் வருத்தம் தெரிவித்தேன். “யாருக்குத் தெரிவிக்கிறீங்க? மன்றத் தலைவருக்கா? அவருக்கா வேல போச்சி?” மூன்றாவது வரைவில்தான் பெறுநர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் ஊர், தெருவையும் எழுதினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். கூலிக்கு வரும் ஒருத்தருக்கு, அவர் பெயரைப் போட்டு, திருமதி என்று போட்டு எழுதியது அதுதான் முதல். உங்கள் மனுவை உங்களைக் கேட்காமல் காண்ட்ராக்டருக்கு அனுப்பியது நான், அது தவறு, அதனால்தான் உங்களுக்கு வேலை போயிருக்கிறது, அதைத் திரும்பக் கொடுப்பது மன்றத்தின் கடமை என்று நாலே வரி. நாலு வரிக்கு ஒருநாள் ஆயிற்று.

மறுநாள் சாயந்திரம் கடையில் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். என் மனைவி படித்துக் காட்டினாள். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று நான் பேனாவை நீட்டினேன். வாங்கினாள். காகிதத்தின் மேல் வைக்கப் போனவள் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது வேற யாருக்கும் போவாதில்ல சார்?”

பதினோரு பேரில் முதலில் பேனாவை வாங்கியவள் அவள். அந்தக் கை தயங்கியது என்னால்தான்.

“போவும்மா” என்றேன். “பொதுக்குழுவுல படிக்கலாம்னு இருக்கேன். உங்க பேரு வரும். காண்ட்ராக்டரும் இருப்பாரு. நீங்க வேணாம்னு சொன்னா உங்க பேர எடுத்துடறேன். இல்ல, படிக்கவே வேணாம்னாலும் சரி, வேற வழி பாக்கறேன்.”

இப்படி முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள்: “எம் பேர வுட்டுட்டுப் படிச்சா வேற எவளையாவது நெனச்சிக்கினு அவளையும் நிறுத்துவாரு. படிங்க சார். நல்லா சத்தமாவே படிங்க.”

கையெழுத்துப் போட்டாள். அதே கோணல், அதே அழுத்தம்.

பொதுக்குழுவில் எழுந்து மைக்கிடம் போக நான் தயங்கினேன் என்று சொன்னால் நண்பர்கள் நம்பமாட்டார்கள், மைக் பிடிக்க ஆசைப்படுகிறவன் நான். படித்தேன். பின்வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்ததும், “வூட்டம்மா மனு, வூட்டுக்காரரு தீர்ப்பா?” என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

“அதுக்குத்தான் இது” என்று ராஜினாமாக் கடிதத்தைத் தலைவர் முன்னால் வைத்தேன். முத்திரையையும் வைத்தேன். அதை வைக்கும்போது ஒரு நொடி கை வரவில்லை, பொய் சொல்வானேன். கடைசியாகச் சாவிக்கொத்திலிருந்து அந்தக் கழிப்பறைச் சாவியைக் கழற்றி வைத்தேன். “இது ரெண்டு வருஷமா என் பையில இருந்துது. யாரும் கேக்கல, நானும் குடுக்கல.”

காண்ட்ராக்டர் எழுந்து, ஆள் குறைப்புதான், வேறு ஒன்றும் இல்லை என்றான்.

“எத்தன பேர கொறைச்சீங்க, ஏன் அவங்கள மட்டும் கொறைச்சீங்கன்னு எழுத்துல குடுங்க” என்றேன். எனக்கே தெரியாமல் அவள் குரலில் வந்துவிட்டது. சபையில் பாதிப் பேர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். காண்ட்ராக்டர் எதுவும் எழுதித் தரவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

அதுவரை அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த தலைவர், வயதானவர், அதிகம் பேசாதவர், “நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கழுவி வுட்டது அவங்கதானய்யா. பூட்டச் சொன்னது யாரு, இப்பக் கை தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை. “யாரும் சொல்லாததுக்கு எதுக்குப் பூட்டு?” என்று வாட்ச்மேனிடம் ஒரு ஆணி கேட்டார். சாவி அன்றைக்கே வெளிச்சுவரில் ஆணியில் தொங்கியது. அந்தப் பெண்ணைத் திரும்ப எடுக்க வேண்டும், மன்றத்தைக் கேட்காமல் யாரையும் நிறுத்தக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது, ஆனால் எல்லோரும் கை தூக்கிவிடவில்லை. தூக்காதவர்களில் இரண்டு பேர் தினமும் என்னோடு நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள். இப்போது அவர்கள் வேறு தெருவில் நடக்கிறார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு முன்தினம் கடைக்குப் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள் என் மனைவி. “கூப்ட்டாங்கக்கா. காலயில ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க” என்றது அந்தப் பெண்ணின் குரல். அன்றைக்கு அவள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, பாட்டு முணுமுணுத்தபடி குழம்பு கொதிக்கவிட்டாள். என்னிடம் சாதாரணமாகப் பேசினாள். கேலி செய்தாள். செயலாளர் உத்தியோகம் போனதில் சாயந்திரங்களில் எனக்கு வேலை இல்லை என்று கடைக்கு வந்து ஸ்டூலைத் துடைக்கச் சொன்னாள். துடைக்கிறேன். கைநாட்டு வைப்பவர்களுக்குத் தேங்காயெண்ணெய்த் துணி எடுத்துக் கொடுப்பதும் இப்போது என் பொறுப்பு.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். போன வாரம் ஒருநாள் காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. ஒரு துண்டுச் சீட்டில், ‘சாயந்திரம் வர லேட்டாகும், எனக்குச் சாப்பாடு வைக்க வேண்டாம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசையில் வைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது ஈரத்தலையோடு வந்தாள். சீட்டை எடுத்தாள்.

அவள் கண் நேராகக் கீழே போனது. அங்கே என் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மேலே போனாள்.

“சரிங்க” என்றாள்.